காடு காக்கும் கைகளுக்கே காட்டின் வருவாய்

காடு அழிந்து வருகிறது. காட்டை நம்பி வாழும் மக்கள் வறுமையில் உழல்கின்றனர். இவ்விரு உண்மைகளையும் எதிரெதிராக நிறுத்தி, ஒன்றைக் காக்க மற்றொன்றைக் கைவிட்டே ஆக வேண்டும் என்று வாதிடுவது ஆளும் வர்க்கங்களின் நெடுநாள் வழக்கம். சுரங்கத்துக்குக் காட்டைத் தாரைவார்க்கும்போது அதற்குப் பெயர் வளர்ச்சி. பழங்குடி மக்களைக் காட்டிலிருந்து வெளியேற்றும்போது அதற்குப் பெயர் வனப் பாதுகாப்பு. இரண்டிலும் இழப்பவர்கள் ஒரே மக்கள்தான்.

நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேர் உணவுக்கும் மருந்துக்கும் கைச்செலவுக்கும் சிறு வனப்பொருட்களைச் சார்ந்துள்ளனர் என்பது அரசு ஆவணங்களே தரும் கணக்கு. பீடி இலை, மூங்கில், இலுப்பைப் பூ, புளி, தேன், அரக்கு, நெல்லி, மூலிகை எனப் பட்டியல் நீளும். வயலில் வேலையற்ற கோடை மாதங்களில் அடுப்பெரிய வைப்பது இவையே. இவற்றைச் சேகரிப்போரில் பெரும்பாலோர் பெண்கள். இந்த வாழ்வாதாரம் நிலைக்கக் காடு நிலைக்க வேண்டும். அது நிலைக்க எந்த மரத்தை, எப்போது, எவ்வளவு வெட்டுவது, எந்த விலைக்கு விற்பது என்று முடிவு செய்யும் அதிகாரம் காட்டோடு வாழும் மக்களின் கிராமசபையிடம் இருக்க வேண்டும். அந்த அதிகாரம் இருந்த இடங்களிலும் பறிக்கப்பட்ட இடங்களிலும் நடந்தவற்றை ஒப்பிட்டால் இது விளங்கும்.

ஒரு டன் ஒன்றரை ரூபாய்

1865 இலும் 1878 இலும் பிரிட்டிஷ் ஆட்சி இயற்றிய வனச் சட்டங்கள், மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திவந்த காடுகளை அரசின் உடைமையாக்கின. ரயில் பாதைக்கான சிலிப்பர் கட்டைகளும் கப்பல் கட்டும் தேக்குமே அன்றைய 'அறிவியல் வனவியலின்' இலக்கு. மக்களின் வழக்காற்று உரிமைகளைத் துடைத்தெறிவதற்கு அன்றைய மதராஸ் மாகாண வருவாய் வாரியமே ஆட்சேபம் தெரிவித்தது என்பது வரலாறு. அந்தக் குரல் எடுபடவில்லை. 1927 ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் அதே உடைமைக் கொள்கையை உறுதிப்படுத்தியது. நாடு விடுதலை பெற்ற பின்னும் அச்சட்டம் நீடிக்கிறது.

விடுதலைக்குப் பின் ரயில்வேயின் இடத்தை ஆலைகள் பிடித்தன. வட கர்நாடகக் காடுகளின் மூங்கில் 1958 இல் ஒரு காகித ஆலைக்கு டன் ஒன்றுக்கு ஒன்றரை ரூபாய் என்ற விலையில் வழங்கப்பட்டது. அதே மூங்கிலில் கூடை முடையும் ஏழைக் கைவினைஞர் சந்தையில் அதைப் போலப் பல நூறு மடங்கு விலை கொடுத்தார். முதலாளிக்கு அரசு அளிக்கும் மானியம் எவ்வளவு பெரிதாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

சில ஆண்டுகளில் மூங்கில் குறையத் தொடங்கியது. கால்நடை மேய்ச்சலும் கிராமத்தாரின் வெட்டும்தான் காரணம் என்று பழி சுமத்தப்பட்டது. 1970களின் நடுவில் அங்கு ஆய்வு மேற்கொண்ட சூழலியல் அறிஞர் மாதவ் காட்கில் கண்டது வேறு. மூங்கில் புதர்களின் அடியில் அடர்ந்திருக்கும் முட்கள் இளங்குருத்துகளுக்கு வேலியாக இருந்தன. புதரைச் 'சீர்செய்வதாக' எண்ணி ஆலையின் ஆட்கள் அந்த முட்களை வெட்டி அகற்றினர். வேலியிழந்த குருத்துகளை முள்ளம்பன்றியும் குரங்கும் மாடும் தின்று தீர்த்தன. முள்ளை ஏன் விட்டுவைக்க வேண்டும் என்பது கிராமத்தாருக்குத் தெரிந்திருந்தது. அவர்களிடம் கேட்கத்தான் எவருமில்லை. ஓரிடத்து மூங்கில் தீர்ந்தால் இன்னொரு காட்டுக்குப் போகும் வசதி ஆலைக்கு உண்டு. கிராமத்துக்கு அந்த வசதி இல்லை. வேறு காடு இல்லாதவரே காட்டைக் காப்பதில் மிகுந்த அக்கறை உடையவர். எளிய மக்களிடம் காட்டை ஒப்படைக்கலாமா என்று கேட்போருக்கு இதுவே முதல் விடை.

பங்கு வேறு, உரிமை வேறு

மக்களின் துணையின்றிக் காடு பிழைக்காது என்பதை வனத்துறையின் அதிகாரிகளுள் சிலரே உணர்ந்தனர். மேற்கு வங்கத்தின் மிதுனாபூர் மாவட்டத்தில் உள்ள அரபாரியில் 1972 இல் அஜித்குமார் பானர்ஜி என்ற வன அதிகாரி ஒரு முயற்சியைத் தொடங்கினார். சிதைந்துபோன 1,272 ஹெக்டேர் சால் காட்டைக் காக்கும் பொறுப்பை 11 கிராமங்களின் 618 குடும்பங்கள் ஏற்றன. அதற்கு ஈடாக வனப் பணிகளில் வேலையும், விறகும் புல்லும் எடுக்கும் உரிமையும், மர விற்பனையின் நிகர வருவாயில் 25 விழுக்காடும் அவர்களுக்கு என்று முடிவாயிற்று. வெட்டுண்ட அடிக்கட்டைகளிலிருந்து சால் மீண்டும் தழைத்தது. இடது முன்னணி அரசு 1989 இல் இந்த முறையைத் தென்மேற்கு மாவட்டங்களுக்கு விரிவுபடுத்தியது. 1990 ஜூனில் ஒன்றிய அரசு இதைக் கூட்டு வன மேலாண்மை என்ற பெயரில் நாடு முழுமைக்கும் பரிந்துரைத்தது.

அரபாரி கற்றுத்தந்த பாடம் பெரிது. மக்களுக்குப் பலன் கிடைக்கும் என்றால் வேலியும் காவலரும் இல்லாமலே காடு வளரும் என்பது அங்கு மெய்ப்பிக்கப்பட்டது. ஆனால், நாடெங்கும் பரவிய கூட்டு வன மேலாண்மையில் கூட்டு என்பது பெயரளவில்தான் இருந்தது. பெரும்பாலான மாநிலங்களில் வனத்துறை ஊழியரே குழுவின் செயலாளர். கணக்குப் புத்தகம் அவர் கையில். வேலை மக்களுடையது, முடிவு துறையுடையது. தரப்படும் பங்கைத் தருபவரே நிறுத்திவிடலாம். சட்டப்படியான உரிமையை அப்படி நிறுத்திவிட முடியாது. பங்கிலிருந்து உரிமைக்குச் செல்லும் போராட்டம் இந்த இடத்தில்தான் தேவைப்பட்டது.

சட்டம் பிறந்த வழி

2002 மே மாதத்தில் சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுப்பிய ஒரு சுற்றறிக்கை, காட்டு நிலத்தில் இருப்போரை 'ஆக்கிரமிப்பாளர்' என்று கூறி வெளியேற்ற ஆணையிட்டது. குடிசைகள் எரிக்கப்பட்டன, சில இடங்களில் யானைகளைக் கொண்டும் இடிக்கப்பட்டன. இதற்கெதிராகப் பழங்குடி அமைப்புகளும் இடதுசாரி இயக்கங்களும் நாடெங்கும் கிளர்ந்தெழுந்தன. இடதுசாரிகளின் ஆதரவை நம்பியிருந்த முதல் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசு 2005 டிசம்பர் 13 அன்று வன உரிமை மசோதாவைக் கொண்டுவந்தது. அந்த மசோதா 1980 ஆம் ஆண்டைக் கடைசி நாளாக வைத்தது. பழங்குடியல்லாத வனவாசிகளை விட்டுவிட்டது. கிஷோர் சந்திர தேவ் தலைமையிலான நாடாளுமன்றக் கூட்டுக்குழுவிலும் அதற்கு வெளியிலும் நடந்த போராட்டத்தின் விளைவாகவே கடைசி நாள் 2005 டிசம்பர் 13 என மாறியது. பிற மரபுவழி வனவாசிகளும் சட்டத்துக்குள் வந்தனர். 2006 டிசம்பரில் சட்டம் நிறைவேறியது.

இச்சட்டத்தைப் பயிர்செய்யும் நிலத்துக்குப் பட்டா தரும் சட்டம் என்று மட்டுமே பலர் எண்ணுகின்றனர். அதன் உயிர்நாடி மூன்றாம் பிரிவில் இருக்கிறது. சிறு வனப்பொருட்கள் மீது சேகரிக்கவும் பயன்படுத்தவும் விற்கவும் உடைமை உரிமையை அப்பிரிவு வழங்குகிறது. கிராமம் மரபாகக் காத்துவந்த காட்டை மேலாண்மை செய்யும் சமூக வன வள உரிமையையும் வழங்குகிறது. மூங்கிலும் பீடி இலையும் சிறு வனப்பொருட்களே என்று சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

வனத்துறை எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. புறத்தே வயிரம் கொண்டது புல், அகத்தே வயிரம் கொண்டது மரம் என்று தொல்காப்பியம் வகுத்த நெறியில் மூங்கில் புல்லாகும். இன்றைய தாவரவியலுக்கும் அது புல்லினமே. 1927 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மட்டும் 2017 வரை அது மரமாக இருந்தது! அந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு, புதிய சட்டம் வந்த பிறகும் பல ஆண்டுகள் மூங்கிலைத் துறை தன் பிடியில் வைத்திருந்தது. ஒரு சொல்லின் இலக்கணத்தில் கோடிக்கணக்கான ரூபாய் அடங்கியிருந்தது.

மேண்டா லேகா காட்டிய வழி

அந்தப் பிடியை உடைத்தது ஒரு சிறு கோண்டு கிராமம். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் காடு. அங்குள்ள மேண்டா (லேகா) கிராமம் 2009 இல் ஏறத்தாழ 1,800 ஹெக்டேர் காட்டின் மீது சமூக வன வள உரிமை பெற்றது. நாட்டில் இவ்வுரிமையை முதலில் பெற்ற கிராமங்களுள் அதுவும் ஒன்று. உரிமைப் பத்திரம் கைக்கு வந்த பின்னும் வெட்டிய மூங்கிலை வெளியே கொண்டுசெல்லப் போக்குவரத்து அனுமதிச் சீட்டு தர வனத்துறை மறுத்தது. தேவாஜி தோஃபா முதலானோர் முன்னின்ற கிராமசபை பணியவில்லை. இறுதியில் 2011 ஏப்ரல் 27 அன்று அன்றைய ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சரும் மாநில முதல்வரும் நேரில் வந்து அனுமதிச் சீட்டுப் புத்தகத்தைக் கிராமசபையிடம் ஒப்படைத்தனர். தொடர்ந்து நடந்த மூங்கில் விற்பனையில் அச்சிற்றூர் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் ஈட்டியது. வெட்டியவர்களுக்குக் கூலி போக எஞ்சியது கிராம நிதிக்குச் சென்றது. அடுத்த ஆண்டு, 2012 இல், திருத்தப்பட்ட விதிகள் அனுமதிச் சீட்டு வழங்கும் அதிகாரத்தைக் கிராமசபையின் குழுவுக்கே அளித்தன. ஓர் ஊரின் உறுதி நாட்டின் விதியாயிற்று.

வருவாய் கிடைத்ததும் மக்கள் காட்டை வெட்டித் தீர்த்துவிடுவார்கள் என்று அஞ்சியவர்கள் அண்டை மாவட்டமான சந்திரபூரின் பாச்காவ் கிராமத்தைப் பார்க்க வேண்டும். 2012 இல் சுமார் 1,000 ஹெக்டேருக்கு உரிமை பெற்ற அக்கிராமம் தனக்கான விதிகளைத் தானே வகுத்துக்கொண்டது. மூங்கில் வெட்டு முறைப்படுத்தப்பட்டது. காட்டின் ஒரு நல்ல பகுதி எவரும் தொடக்கூடாத புனிதக் காடாக ஒதுக்கப்பட்டது. அதைவிட முக்கியமானது, பீடி இலை பறிப்பதையே அக்கிராமம் நிறுத்திவிட்டது. இளந்தளிர் வேண்டிக் கிளைகளை வெட்டுவதும் தரையில் தீ மூட்டுவதும் காட்டைக் கெடுக்கின்றன, பழம் தரும் மரத்தை அழிக்கின்றன என்று மக்கள் கூடிப் பேசி முடிவெடுத்தனர். கைக்கு வரும் பணத்தைக் காட்டுக்காக விட்டுக்கொடுக்க ஓர் ஏழைக் கிராமத்தால் முடிந்தது. குத்தகைக் காலம் முடிவதற்குள் முடிந்ததைச் சுருட்டும் ஒப்பந்ததாரரிடம் இதை எதிர்பார்க்க முடியுமா?

பறிக்கும் கையும் சுற்றும் கையும்

பீடி இலையின் கதை தமிழகத் தோழர்களுக்கு அந்நியமானதன்று. தென்காசியிலும் திருநெல்வேலியிலும் பெண்கள் மடியில் சுளகை வைத்துச் சுற்றும் இலை பெரும்பாலும் மத்திய இந்தியக் காடுகளில் பழங்குடிப் பெண்கள் ஏப்ரல், மே மாத வெயிலில் பறித்துக் கட்டியதே. மத்தியப் பிரதேசம் 1964 இலும் ஒடிசா 1973 இலும் இலை வணிகத்தை அரசுடைமையாக்கின. தனியார் தரகரின் கொள்ளை அதனால் ஓரளவு கட்டுப்பட்டது. இருப்பினும் பறிப்பவர் உடைமையாளர் ஆகவில்லை; கூலி பெறுபவராகவே நீடித்தார். சத்தீஸ்கரில் 2024 இல் உயர்த்தப்பட்ட பின்னும் ஒரு நிலை மூட்டைக்கு விலை 5,500 ரூபாய். ஒரு மூட்டை என்பது ஐம்பது இலை கொண்ட ஆயிரம் கட்டு. அதாவது ஒரு ரூபாய்க்கு ஒன்பது இலை. விடியுமுன் காட்டுக்குச் சென்று பறித்து, மாலைவரை அடுக்கிக் கட்டும் குடும்பத்தின் உழைப்புக்கு இதுவே மதிப்பு.

கட்சிரோலியின் பல கிராமசபைகள் ஒன்றுசேர்ந்து, தாங்களே ஏலம் நடத்தி, வணிகரிடம் நேரடியாக விலை பேசத் தொடங்கின. பறிப்போருக்குக் கூலியோடு விற்பனைத் தொகையிலும் பங்கு கிடைத்தது. ஆனால் சந்தையின் கரடுமுரடுகளும் தொடர்ந்து வந்தன. 2017 இல் சரக்கு, சேவை வரி பீடி இலைக்கு 18 விழுக்காடாக விதிக்கப்பட்டபோது, அந்தச் சுமையை வணிகர்கள் விலைக் குறைப்பாகக் கிராமசபைகளின் தலையில் இறக்கினர். அது 5 விழுக்காடாகக் குறைக்கப்பட 2025 செப்டம்பர்வரை காத்திருக்க நேர்ந்தது. வாங்குவோர் கூட்டுச் சேர்ந்து ஏலத்தைக் கெடுப்பதும், முன்பணம் கொடுத்துவிட்டு மீதியை இழுத்தடிப்பதும், கிராமசபையின் ஓரிருவரைக் கைக்குள் போட்டுக்கொள்வதும் நடக்கின்றன. உரிமைப் பத்திரம் கிடைத்ததும் வர்க்கப் போராட்டம் முடிந்துவிடுவதில்லை, களம் மாறுகிறது.

சிறு வனப்பொருட்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை வழங்கும் திட்டம் 2013-14 இல் தொடங்கி, இன்று 87 பொருட்களுக்கு விலை அறிவிக்கும் அளவுக்கு விரிந்துள்ளது. அறிவிப்பு வேறு, கொள்முதல் வேறு. வாரச்சந்தையில் உப்புக்கும் எண்ணெய்க்கும் இலுப்பைப் பூவை மாற்றும் பெண்ணுக்குக் கொள்முதல் நிலையம் எட்டும் தொலைவில் இல்லையென்றால், அறிவித்த விலை காகிதத்திலேயே தங்கிவிடும். பூவைச் சேமித்து வைக்கக் கிடங்கும், விலை ஏறும்வரை பொறுக்கக் கைமுதலும் இல்லாத வரை அறுவடைக் காலத்தின் அடிமாட்டு விலையே அவருக்கு வாய்க்கும்.

கொடுத்த கையே பறிக்கிறது

சட்டத்தின்படி இதுவரை தாக்கலான உரிமைக் கோரிக்கைகளில் ஏறத்தாழ பாதிக்கே பட்டா கிடைத்துள்ளது. 17 லட்சத்துக்கும் அதிகமான கோரிக்கைகள் நிராகரிக்கப்பட்டுள்ளன. நிராகரிக்கப்பட்டோரை வெளியேற்றுமாறு 2019 பிப்ரவரி 13 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அந்த வழக்கில் சட்டத்தைக் காத்து வாதாட வேண்டிய ஒன்றிய அரசு கடமையில் தவறியது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பின், அதே மாதம் 28 ஆம் நாள் ஆணை நிறுத்தி வைக்கப்பட்டது.

உரிமையின் வலிமை ஆட்சியாளருக்கு நன்கு தெரியும். ஒடிசாவின் நியமகிரியில் 2013 இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி கூடிய 12 கிராமசபைகளும் வேதாந்தா நிறுவனத்துக்கான பாக்சைட் சுரங்கத்தை நிராகரித்தன. அந்த ஆண்டு தொடங்கி, கிராமசபையின் ஒப்புதல் என்னும் நிபந்தனையைத் தளர்த்தும் முயற்சி ஓயவில்லை. சத்தீஸ்கரின் ஹஸ்தேவ் ஆரண்யப் பகுதியில், அதானி குழுமம் இயக்கும் நிலக்கரிச் சுரங்கத்தை எதிர்த்த காட்பர்ரா கிராமத்துக்கு வழங்கப்பட்டிருந்த சமூக வன உரிமை 2016 ஜனவரியில் ரத்துச் செய்யப்பட்டது. 2022 ஆம் ஆண்டு வனப் பாதுகாப்பு விதிகள், காட்டை வேறு பயனுக்கு மாற்ற ஒன்றிய அரசு அனுமதி தருவதற்கு முன் கிராமசபையின் ஒப்புதல் வேண்டும் என்ற நிலையை மாற்றி, அந்தப் பொறுப்பை மாநில அரசின் தலையில் தள்ளிவிட்டன. 2023 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் அமையும் பாதுகாப்பு சார்ந்த சாலை, ரயில் திட்டங்களுக்கு விலக்களிக்கிறது. வடகிழக்கின் சிறு மாநிலங்கள் பலவற்றுக்கு இது ஏறத்தாழ முழு நிலப்பரப்பு.

அழித்த காட்டுக்கு ஈடாகக் காடு வளர்க்க என்று திரண்ட நிதியிலிருந்து 2019 ஆகஸ்டில் மட்டும் 47,436 கோடி ரூபாய் மாநிலங்களுக்கு வழங்கப்பட்டது. அந்தப் பணத்தில் கிராமத்தின் மேய்ச்சல் நிலத்திலும் பயிர் நிலத்திலும் தேக்கு நட்டு, முள்கம்பி வேலி போட்டு, அதைக் காடு என்கிறார்கள். நூறு வகை இலையும் கிழங்கும் தந்த காடு போய் ஒரே மரம் நிற்கிறது. கணக்கில் பசுமை கூடுகிறது. பழங்குடிப் பெண்ணின் கூடை காலியாகிறது.

நம் முன் உள்ள பணிகள்

1945 இல் தொடங்கிய வார்லி பழங்குடி மக்களின் எழுச்சியில் புல் வெட்டும் கூலியும் காட்டு வேலைக்கான கூலியும் முக்கியக் கோரிக்கைகளாக இருந்தன. 2018 மார்ச்சில் நாசிக்கிலிருந்து மும்பைக்குச் செங்கொடி ஏந்தி நடந்த பல்லாயிரம் விவசாயிகளில் பெரும் பகுதியினர் பழங்குடி மக்கள்; வன உரிமைப் பட்டா அவர்களின் முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்று. வெடித்த பாதங்களோடு அவர்கள் நகருக்குள் நுழைந்தபோது மும்பை மக்கள் தண்ணீரும் உணவும் செருப்பும் தந்து வரவேற்றனர். காட்டின் போராட்டம் நாட்டின் போராட்டமாக மாற முடியும் என்பதற்கு அது சான்று.

இனிச் செய்ய வேண்டியவை தெளிவானவை. தனிநபர் பட்டா முதற்படி. அதோடு நின்றுவிடாமல், வனப்பகுதிக் கிராமங்கள் ஒவ்வொன்றிலும் சமூக வன வள உரிமைக்கான கோரிக்கையை எல்லை குறித்து, சான்று திரட்டி, கிராமசபையின் தீர்மானத்தோடு தாக்கல் செய்ய வைக்க வேண்டும். நிராகரிப்பு ஒவ்வொன்றுக்கும் எழுத்துமூலம் காரணம் கேட்டு மேல்முறையீடு செய்ய வேண்டும். உரிமை கிடைத்த கிராமங்களில் வனத்துறையின் திட்டத்துக்கு மாற்றாகக் கிராமசபையே தன் மேலாண்மைத் திட்டத்தை வகுக்கத் துணை நிற்க வேண்டும். காடு வளர்ப்பு நிதி கிராமசபைக்கே நேரடியாக வர வேண்டும். ஆதரவு விலையில் கட்டாயக் கொள்முதல், கிராமசபைக் கூட்டமைப்புகள், கிடங்கு, உள்ளூரிலேயே பதப்படுத்தும் கூட்டுறவு ஆகியவற்றுக்காகப் போராட வேண்டும். கிராமசபையில் பெண்கள் எண்ணிக்கைக்கு அமர்பவர்களாக இல்லாமல், விலையையும் வெட்டையும் தீர்மானிப்பவர்களாக இருக்க வேண்டும். பழங்குடியல்லாத ஏழை வனவாசிகளையும் தலித் மக்களையும் பழங்குடி மக்களிடமிருந்து பிரிக்கும் சூழ்ச்சியை முறியடிக்க வேண்டும். இலை பறிக்கும் தொழிலாளியையும் பீடி சுற்றும் தொழிலாளியையும் ஒரே இயக்கத்தில் இணைக்க வேண்டும்.

தொழிற்சங்கத்திலும் விவசாயிகள் சங்கத்திலும் பணியாற்றும் தோழர்கள் இதைப் பழங்குடி அரங்கத்தின் தனிப் பணி என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஆற்றின் நீரும் வயலின் விளைச்சலும் நகரத்தின் காற்றும் அந்தக் காட்டையே சார்ந்துள்ளன. அதைக் காத்து நிற்பவர்களுக்கு நாடு கடன்பட்டிருக்கிறது. கருணையாக ஒரு பங்கைத் தந்து அந்தக் கடன் தீராது. காட்டின் மீதான அதிகாரத்தை அவர்களிடம் திருப்பித் தருவதே அதைத் தீர்க்கும் வழி. அதற்கான சட்டம் கையில் இருக்கிறது. அதைக் காகிதத்திலிருந்து காட்டுக்குக் கொண்டுசெல்வது இயக்கத்தின் வேலை.